மாப்பிள்ளைத் தேரை

ஜூன் 3

இதைத் தேரை என்று சொல்ல வாய் வரவில்லை. பெரிய பூரி அளவுக்கு இருக்கிறது. இவர் சென்னையில் யாரோ நண்பரிடம் வாங்கி, கண்ணாடித் தொட்டியில் மண் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். அமெரிக்கப் பாலைவனத்துப் பிராணியாம். வருஷத்தில் முக்கால்வாசி மண்ணுக்குள் கிடக்குமாம், மழை வந்தால்தான் மேலே வருமாம். காதோரம் புடைத்திருக்கும் சுரப்பியில் விஷம். நாய் கவ்வினால் நாய் காலி.

"நம்ம வூட்ல நாயா இருக்குது?" என்கிறார். கேட்கிற கேள்வியைப் பார்!

ஜூன் 11

மண்ணுக்குள் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்தவரை அருவருப்பு. இப்போது பயம்.

ஜூன் 20

தொட்டி காலி. என் நச்சரிப்பு தாங்காமல், தான் வேலை பார்க்கிற மைன்ஸில், சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் விட்டுவிட்டாராம். "அதுவும் பாலைவனமாட்டம்தான கெடக்குது? பொழச்சிக்கும்."

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் மந்தாரக்குப்பம். அங்கேதான் என் தங்கை மலர்விழி இருக்கிறாள். அவள் மகள் அபி, தெருவில் கிடப்பதையெல்லாம் கையில் எடுக்கிற பிள்ளை. சொன்னால், "வெளிய மூச்சு விடாத, வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க" என்கிறார்.

ஜூலை 2

மழையே இல்லை. ஊரே வானத்தைப் பார்க்கிறது. நான் மட்டும் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கென்ன பைத்தியமா?

ஜூலை 9

விடியற்காலையில் லேசான தூறல். மண் வாசம் வந்தது. காபி இறங்கவில்லை.

ஜூலை 12

காலையில் மலர் போன். மழைக்காகத் தெருவில் தவளைக் கல்யாணமாம். "மாப்ள இம்மாம் பெருசுக்கா! தூறல் போட்டன்னிக்கி வாய்க்காலாண்ட கெடச்சுதாம். அபிதான் மஞ்சள் பூசுது. வந்துடு."

ஆட்டோ பிடித்து ஓடினேன். பந்தலில் மாலையோடு உட்கார்ந்திருந்தது — அதேதான். "தொடாதீங்க, அது விஷம்!" என்று கத்தி, அபியை இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தேன்.

கல்யாணத்தை நடத்திய ராஜாங்கம் பெரியவர், "ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

எப்படிச் சொல்வது? இவர் வேலை போய்விடுமே. செல்போனில் பார்த்தேன் என்று உளறினேன். எல்லோரும் சிரித்தார்கள். "தாலி கட்டியாச்சி. இனிமே அது சாமி" என்று, முறைப்படி குளத்தில் விட்டுவிட்டார்கள்.

மாலையில் கொட்டித் தீர்த்தது மழை.

ஜூலை 17

மலர் சொல்கிறாள்: "நீ சொன்னாப்ல ஒண்ணும் ஆவலியேக்கா, மழதான் வந்துது. அபி தெனம் கொளத்துல பூப் போட்டுட்டு வருது."

இவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 19

மலர் போன். அவள் வளர்த்த நாய் செத்துவிட்டது. குளக்கரையில் எதையோ கவ்வியதாம்; வாயெல்லாம் நுரை, இழுப்பு, அவ்வளவுதான். அவள் அழுகையை நான் காதிலேயே வாங்கவில்லை.

"அபி எங்கடி?"

"கொளத்தாண்ட."

இவர் போனைப் பிடுங்கினார். "மலரு, ஓடு! புள்ளையத் தூக்கு! அது நான் வுட்டது!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அபி மலரின் இடுப்பில் இருந்தாள், பூக்கூடையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இவர் தெருவைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னார். யாரும் அடிக்கவில்லை. ராஜாங்கம் பெரியவர் மட்டும், "அன்னிக்கே சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டார். இவரை அல்ல, என்னை.

ஜூலை 22

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தினமும் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். தெருவில் ஒரு பிள்ளையையும் வெளியே விடுவதில்லை. மழை கொட்டுகிறது. அது இன்னும் கிடைக்கவில்லை.