காஸ்பியனுக்கு ஒரு நாற்காலி

மார்ச் 4

காலையில் கரைக்குப் போய், செத்து ஒதுங்கிய கடல்நாய்களை அளந்தேன். ஐந்து. போன வருடம் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது ஜீப் ஓடுகிறது. கை விறைத்துப்போய் ஆய்வகத்துக்குத் திரும்பினால், அக்மரல் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஒரு சிலி நாட்டுக்காரியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாம். அதற்கு இத்தனை சிரிப்பு.

எனக்கு இரண்டு வருடம் பின்னால் வேலையில் சேர்ந்தவள். உலகம் முழுக்க இளம் கடல் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில் அவளுக்குத் தெரியாத ஆளே கிடையாது. அக்தாவ் ஊரை விட்டால் என்னை யாருக்குத் தெரியும்? துறைமுகக் காவலாளிக்குத் தெரியும். அவனும் என்னை "நாய்க்காரம்மா" என்பான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 12

ஜூனில் லிஸ்பனில் அந்தக் குழு கூடுகிறது. காஸ்பியன் கரைக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காருபவர்தான் ஐந்து நாட்டுக் கரைகளிலும் கடல்நாய்களைக் கணக்கெடுக்கப்போகும் ஆட்களைச் சேர்ப்பவர். என் நான்கு வருட அளவுகள் அலமாரியில் தூங்குகின்றன. அங்கே போனால் ஒருவராவது புரட்டிப் பார்ப்பார். எனக்கு அது வேண்டும். இதை இங்கே எழுதலாம், யாரிடமும் சொல்ல முடியாது.

நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் விண்ணப்பம் நிரப்பினோம். "எந்தப் பெருங்கடல்?" என்று கேட்டு ஐந்து பெயர் கொடுத்திருந்தார்கள். எங்கள் கடலுக்குத்தான் பெருங்கடலே கிடையாதே. நான் "எதுவுமில்லை" என்று நேர்மையாகக் குறித்தேன். அவள் ஆர்க்டிக் என்று போட்டாள்!

"ஏன்டீ, அக்தாவ் எங்க, ஆர்க்டிக் எங்க?"

"நம்ம கடல்நாயோட பாட்டன் பூட்டன் அங்கருந்துதானேக்கா வந்துச்சு? சொந்தக்காரங்க வீடு. உரிமையோட போட்டுட்டேன்."

அதற்கும் ஒரு சிரிப்பு.

மார்ச் 22

நவுரிஸ் புத்தாண்டு விருந்து, எங்கள் பிரிவுத் தலைவர் சாபித் அகாய் வீட்டில். கஞ்சிக் கிண்ணத்தை எல்லார் முன்னாலும் உயர்த்தி, "நம்ம அக்மரல் இருக்கிற வரைக்கும் காஸ்பியன் வத்தினாலும் பேர் வத்தாது" என்றார். கடலை அளப்பது நான். பேர் அவளுக்கு. கஞ்சியைக் குடிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

ஏப்ரல் 7

வந்துவிட்டது. விண்ணப்பத்தில் அலுவலக முகவரிதான் கொடுக்க வேண்டும் என்றிருந்ததால் பதில் ஆய்வகத்தின் பொது மின்னஞ்சலுக்கே வந்தது. அதைத் தினமும் திறப்பது என் வேலை. தேர்வானது அக்மரல். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயருக்குப் போகும்.

முதல் பெயர் என்னுடையது.

எங்கள் வழக்கப்படி நான் இப்போது ஓடிப்போய் "சுயின்ஷி!" என்று கத்த வேண்டும். நல்ல செய்தி கொண்டுவருபவர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். மறுக்கக் கூடாது. எதைக் கேட்பேன்? "அந்த நாற்காலியைக் கொடு" என்றா?

ஓடவில்லை. டீ போட்டுக் குடித்தேன்.

ஏப்ரல் 8

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

மத்தியானம் அவளே கேட்டாள், "அக்கா, லிஸ்பன்ல இருந்து ஏதாவது வந்துச்சா?" என்று. "வந்தா சொல்லமாட்டேனா?" என்றேன். என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது! பிறகு அஞ்சலைக் குப்பைக்குத் தள்ளினேன். குப்பையையும் காலி செய்தேன்.

என்னத்தப் பெரிசா பண்ணிட்டேன்? அவளுக்கு இது இல்லன்னா இன்னொண்ணு. நூறு பேர் கூப்பிடுவாங்க. எனக்கு யாரு இருக்கா? நாலு வருஷம் நாத்தத்துல குனிஞ்சு அளந்தவ நானு. நானுதானே? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுக்கட்டும்.

ஏப்ரல் 11

ஐந்து மணி தாண்டியது. அவள் எனக்கு எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ஒன்று கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் அதைத் தின்றேன்.

ஏப்ரல் 12

சனிக்கிழமை என்று தூங்கிக்கொண்டிருந்தேன். கதவை உடைப்பதுபோல் தட்டல். திறந்தால் அக்மரல், மூச்சு வாங்க, தலைமுடிகூட வாராமல்.

"சுயின்ஷி! சுயின்ஷி அக்கா! இடம் உங்களுக்குத்தான்! லிஸ்பன்ல இருந்து லூர்தெஸ் சொன்னா!"

லூர்தெஸ் அங்கே தேர்வுக் குழுவில் இருப்பவள். வேறு என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சுயின்ஷிக்காக ஆணியில் தொங்கிய பச்சைச் சால்வையை எடுத்துக் கொடுத்தேன். உடனே தோளில் போட்டுக்கொண்டு, "திருப்பிக் கேட்டா தரமாட்டேன்" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். என் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மே 30

பயணப் பையைக் கட்டிவிட்டேன். ஆசைப்பட்டது கிடைத்தவள் இப்படியா பையை மூன்று முறை பிரித்துக் கட்டுவாள்?

ஜூன் 17, லிஸ்பன்

மண்டபத்தில் நுழைந்தபோது, சுவரோரம் நின்று காப்பி குடித்துவிட்டு நழுவிவிடலாம் என்றிருந்தேன். முடியவில்லை. ஒருத்தி ஓடி வந்து, "நீங்கதானே ரவுஷான்? ரொம்பப் பேசமாட்டீங்க, விட்டுடக் கூடாதுன்னு அக்மரல் சொல்லியிருக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிலிக்காரி. குழந்தைக்கு இப்போது ஆறு பல்லாம். பின்னாலேயே ஒரு கென்யாக்காரன் வந்தான்: "நாலு வருஷக் கணக்கு வெச்சிருக்கீங்களாமே, காட்டுங்க." ஈரானியக் கரையிலிருந்து ஒருத்தி, அஜர்பைஜானிலிருந்து ஒருவன். எல்லாருக்கும் அவள் எழுதியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு கடிதம்.

மாலையில் லூர்தெஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கடைசி நாள் வரைக்கும் அவகிட்டருந்து பதிலே வரல. நான்தான் சாயங்காலம் ஃபோன் போட்டேன். உனக்கு இன்னும் நேரம் தர்றேன்னேன். 'அஞ்சலைப் பாக்காம விட்டது என் தப்பு, அடுத்த பேருக்கே குடுங்க'ன்னு சொல்லிட்டா. அவ அப்படி மறக்கிற ஆள் இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா" என்றேன்.

பொது அஞ்சலை யார் திறப்பது என்று ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை காலையில், என் வாசலில் நின்று சுயின்ஷி என்று கத்தியபோது, அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 18

காலையில் அக்மரலுக்கு ஃபோன் செய்தேன். "அந்த மெயிலு..." என்று ஆரம்பித்ததுமே வெட்டினாள்.

"தெரியும்."

"அப்ப ஏன்டீ..."

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? எங்க ஆளே எனக்குக் குழி பறிச்சான்னு லூர்தெஸ்கிட்ட ஒப்பாரி வெக்கவா? ரெண்டு பேரையும் தள்ளிட்டு நாற்காலிய வேற கடலுக்குக் குடுத்திருப்பாங்க. நமக்கு இருக்கிறதே ஒண்ணு." பிறகு குரல் உடைந்தது. "அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன்க்கா. உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ஊருக்கு வாங்க, வெச்சுக்கிறேன்."

"சரி."

"அந்தக் கணக்கெல்லாம் எல்லார்கிட்டயும் காட்டுங்க. சுவரோரம் நிக்காதீங்க. ஒவ்வொருத்தர் பேரு, நம்பரு, எந்தக் கரை, எல்லாம் எழுதிட்டு வரணும். சும்மா வந்தா நெசமாவே பேசமாட்டேன்."

சுவரோரத்திலிருந்து நகர்ந்தேன். மாலை வரை பதினான்கு பேரிடம் நானாகவே போய்ப் பேசியிருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. கூட்டம் முடிய நாளை மதியம் வரைக்கும் நேரம் இருக்கிறது.