பதினெட்டுப் புள்ளி

பதுளை
04.02.2024

அன்புள்ள துஷி,

சொன்னபடி முதல் வாரக் குறிப்புகளைப் பிரதி எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். பெரகலயில் ஸகீனா அக்காவின் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டால், காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். உனக்கு அது பிடிக்காது என்பது நினைவிருக்கிறது. போனில் பேசலாம் என்றால், உங்கள் லயத்து வரிசை அறைகளில் நீ ஹலோ சொன்னால் பக்கத்துக் காம்பராதான் முதலில் பதில் சொல்லும்.

டிப்ளோமா வகுப்பில் நாங்கள் நாற்பத்திரண்டு பேர். முகாமைத்துவக் கோட்பாடுகளை ஜெயராசா சேர் எடுக்கிறார். முதல் நாளே பலகையில் "பிறரைக் கொண்டு காரியங்களைச் செய்வித்தல்" என்று எழுதிவிட்டு, "இதுதான் முகாமைத்துவம். உங்க வீட்டில இத நல்லாச் செய்றது யாரு?" என்று கேட்டார். என் பக்கத்தில் இருக்கும் ஷம்ரா, "எங்கட உம்மா சேர். கதிரைய விட்டு எழும்பாமலே செய்விப்பாங்க" என்றாள். சேரும் சிரித்துவிட்டார். ஷம்ரா பதுளைக்காரி. மதியம் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். இந்தக் கடிதம்கூட ஷம்ராவின் பேனாவால் எழுதுகிறேன்.

ஜன்னல் பக்கம் மூன்றாவது வாங்கில் உட்காருகிறேன். கல்லூரி ஆபீசில் ஒட்டியிருக்கும் பட்டியலில் உன் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, காத்திருப்போரில் முதலாவதாக இருந்த என் பெயரைக் கீழே எழுதியிருக்கிறார்கள். வெட்டினாலும் உன் பெயரை நன்றாக வாசிக்க முடிகிறது.

அம்மாவின் முழங்கால் சீக்கிரம் சுகமாகட்டும். உனக்கும் ஒரு வழி வராமல் போகாது. அதுவரை நான் படிப்பதெல்லாம் உனக்கும்தான்.

உன்
மேனு


கீழ்ப் பிரிவு, ஹல்துமுல்லை
18.02.2024

அன்பின் மேனு,

கடிதமும் குறிப்புகளும் கிடைத்தன. ஷம்ரா மூன்று தடவை வருகிறாள். நான் தலைப்பில் ஒரு தடவை வருகிறேன்.

அம்மாவால் இன்னும் மலையேற முடியவில்லை. வீட்டுக்கு ஒருவர் பெயராவது தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இல்லாவிட்டால் காம்பராவைக் காலிசெய்யச் சொல்வார்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் பயம். அதனால் அம்மாவுக்குப் பதிலாக என் பெயர் நிற்கிறது. உன் குறிப்புகளைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்துக் கொண்டுபோய்த் தேத்தண்ணி நேரத்தில் வாசிக்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் முறைசாரா அமைப்பு என்று இருக்கிறது. நிறுவனத்தின் வரைபடத்தில் இல்லாமல், ஆட்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொள்வது. சேர் உதாரணம் தரவில்லை போலிருக்கிறது. நான் தருகிறேன்.

காலையில் கங்காணி ஒவ்வொருத்திக்கும் பறிக்க ஒரு நிரை பிடித்துக் கொடுப்பார். பாதையோரத்துக் கரை நிரை யாருக்கு விழுந்தாலும், அவர் முதுகு திரும்பியதும் அது கைப்பிள்ளைக்காரிக்குப் போய்விடும். அங்கிருந்தால் குழந்தைகளை விட்டிருக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அவளுக்கு விழுந்த நிரையை மற்றவள் எடுத்துக்கொள்வாள். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. முதல் நாள் எனக்குக் கரை நிரை விழுந்தது. நான் பாட்டுக்குப் பறித்துக்கொண்டு போனேன். பெரியாயி அக்கா எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, ஒனக்குப் பாலு கட்டியிருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதுஷாவுக்கு நாலு மாதக் குழந்தை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு விழுந்த ஏழாவது நிரைக்குப் போய் நின்றேன். கங்காணி திரும்பி வந்து, "நான் புடிச்சுக் குடுத்த நெரையா இது?" என்றார்.

"நெர நீங்க குடுத்ததுதாங்க கங்காணி. காலுதான் மாறி வந்திருச்சு" என்றார் பெரியாயி அக்கா.

நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியாக இருப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு பறித்தால் கூடை நிறைவதில்லை. பொறாமைதான். மறைத்து எழுத எனக்கு வராது.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரைவிலக்கணம் பாதியில் நிற்கிறது. யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?

துஷி


பதுளை
10.03.2024

அன்புள்ள துஷி,

சண்டைக்காரி, அந்த வரைவிலக்கணத்தை முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் பண்டாரவளைக்குப் போயிருந்தேன். அப்பாவின் மரக்கறிக் கடையில் லீக்ஸ் மலைபோல் குவிந்திருக்கிறது. உன்னைக் கேட்டார்.

ஒரு செய்தி. முறைசாரா அமைப்பைப் பற்றி ஒப்படை எழுதச் சொன்னார்கள். மூன்று நாள் தாளோடு இருந்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் உன் கரை நிரையை எழுதினேன். கோபமில்லையே? நம்முடையதுதானே.

எண்பத்திரண்டு புள்ளி. வகுப்பிலேயே அதுதான் அதிகம். சேர் வாசித்துக் காட்டி, "இது எந்தப் புத்தகத்திலயும் இல்ல" என்றார். பெரியாயி அக்காவின் பேச்சு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முதல் தடவை கேட்பவள் போல. வாசல் பலகையில் ஒட்டப்போகிறார்கள்.

இப்படி வேறு ஏதாவது இருந்தால் எழுது. அவசரமில்லை. அடுத்த ஒப்படை இருபத்தெட்டாம் திகதிதான்.

மேனு


கீழ்ப் பிரிவு
24.03.2024

அன்பின் மேனு,

எண்பத்திரண்டு. சந்தோஷம். மீதிப் பதினெட்டு எதற்குக் குறைந்தது? சேர் ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பாரே. என் பிழை என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

நம்முடையது என்கிறாய். ஒன்பது வருடம் ஒரே வகுப்பில் இருந்தோம். நான் உங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். நீ ஒரு தடவையும் எங்கள் லயத்துக்கு வந்ததில்லை. சொல்லிக்காட்டவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

இனி முக்கியமான விஷயம். இதே டிப்ளோமாவை சனி, ஞாயிறு வகுப்பாகவும் தொடங்கப்போகிறார்கள் என்று ஸகீனா அக்கா கேள்விப்பட்டிருக்கிறார். சனிக்கிழமை வேலைக்குப் போகாவிட்டாலும் என் பெயர் செக்ரோலில் நிற்கும் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். அறிவித்தல் போட்டதும் எனக்கு எழுது. படிவம் ஒன்று வாங்கி அனுப்பு. இதற்குமேல் எனக்கு வேறு வழி இல்லை, மேனு. அடுத்த வருடம் என்று தள்ளினால் நான் இப்படியே நின்றுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

மற்ற உதாரணங்களை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். எனக்கும் ஒரு நாள் ஒப்படை எழுத வேண்டி வரலாம்.

துஷி


பதுளை
28.04.2024

அன்புள்ள துஷி,

பதில் தாமதமாகிவிட்டது. புத்தாண்டு விடுமுறை, பிறகு பரீட்சை, பிறகு காய்ச்சல்.

வார இறுதி வகுப்புக்கு இன்னும் அறிவித்தல் போடவில்லை. இந்த வருடம் நடக்குமோ தெரியாது என்கிறார்கள். போட்டால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

பதினெட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். சேர் அப்படி ஒன்றும் எழுதவில்லை. நூற்றுக்கு நூறு அவர் யாருக்கும் போடமாட்டாராம்.

இங்கே பின்னேரமானால் மழை. குறிப்புகள் இந்தத் தடவை குறைவு, குறை நினைக்காதே.

மேனு


கீழ்ப் பிரிவு
09.06.2024

மேனுஷா,

மே மூன்றாம் திகதி அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். அம்மா நம்பருக்குக் காத்திருந்த நேரத்தில் உன் கல்லூரிக்கு நடந்தேன். திடீரென்று போய் உன் முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை.

வாசல் பலகையில் வார இறுதி வகுப்பு அறிவித்தல் இருந்தது. ஏப்ரல் 18 என்று திகதி. சிங்களத்தில் அச்சடித்தது, தமிழில் கையால் எழுதியது. மூன்று மாதம் உன் குறிப்புகளை வாசித்தவளுக்கு உன் 'ழ'வின் வால் தெரியாதா? அதை எழுதிப் பத்து நாள் கழித்துத்தான் எனக்கு "இன்னும் போடவில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

அதற்குப் பக்கத்திலேயே உன் ஒப்படை. என் வாக்கியங்கள் வரிசையாக நின்றன. "நான்" என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

ஒருத்தி வந்து, "யாரத் தேடுறீங்க?" என்றாள்.

"மேனுஷாவ."

"லைப்ரரில ஈக்கிறா. கூப்புடவா? நான் ஷம்ரா. நீங்க அவட சொந்தமா?"

"இல்ல. கூடப் படிச்சவ. துஷாந்தினி."

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் பார்சலில் என்ன கறி கொண்டுவருவாள் என்பது வரை எனக்குத் தெரியும். கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆபீசில் படிவம் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

இந்த மாதம் ஐந்தாம் திகதி நேர்முகம் நடந்தது. ஜெயராசா சேர், "நேர்ல கண்ட முறைசாரா அமைப்பு ஒன்னு சொல்லுங்க" என்றார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் கரை நிரையைச் சொன்னேன். அது என்னுடையது, அதை ஏன் விட வேண்டும்? பாதியில் அவர் பேனாவை மூடி வைத்தார். "மகள், இது எங்க பலகையில ஒட்டியிருக்கு. மனப்பாடம் பண்ணிட்டு வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார்.

நான் நின்ற நிரையை உன்னிடம் பார்த்துக் காப்பியடித்தவளானேன். உன் பெயர் வாய்வரை வந்தது. உண்மைக்காகச் சொல்கிறேனா, பொறாமையில் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சொல்லாமல் வந்துவிட்டேன்.

தெரிவுப் பட்டியலை இருபதாம் திகதி முடிவு செய்வார்களாம். பெப்ரவரி 18 திகதியிட்ட என் கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது. பிரதி எடுத்து வைத்துக்கொண்டு சிநேகிதிக்குக் கடிதம் எழுதுகிறவள் இல்லை நான். அதை சேரிடம் கொடு.

துஷாந்தினி


பதுளை
16.06.2024

அன்புள்ள துஷி,

கடிதத்தை வியாழக்கிழமை சேரின் மேசையில் வைத்தேன். திகதியைப் பார்த்தார். இரண்டு முறை வாசித்தார். "இது ஒங்களுக்கு வந்த கடிதமா?" என்று கேட்டார். "ஆமா சேர்" என்றேன். "நீங்க ஹல்துமுல்லைத் தோட்டம்னு சொன்னீங்களே?" என்றார்.

அதையும் உனக்கு எழுத வேண்டும். ஒப்படையை வாசித்த அன்று, "நீங்க எந்தத் தோட்டம், மகள்?" என்று கேட்டார். மரக்கறிக் கடைக்காரர் மகளாகப் பிறந்ததற்கு அன்றுதான் முதல் தடவை வருத்தப்பட்டேன். லயத்துக்கு ஒரு நாளும் வராதவள், உன் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

பொறாமை என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். எனக்கு அது எழுத வரவில்லை. இந்த வாங்கு உன்னுடையது. நான் ஒரு மாதமாகப் படித்தும் விளங்காததை, நீ தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் வாசித்து, எனக்கே சொல்லித் தந்தாய். நீ வந்து சேர்ந்தால் அதே சேர்தான் உனக்கும் எடுப்பார். இரண்டு வாரத்தில் நம்மில் யார் கெட்டிக்காரி, கரை நிரை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அறிவித்தலை எழுதிய அன்றே உனக்குச் சொல்ல உன் விலாசம் எழுதிய கடித உறைகூட எடுத்து வைத்தேன். அனுப்பவில்லை.

ஒப்படையைப் பலகையிலிருந்து என்னையே கழற்றச் சொன்னார். பூச்சியம் போட்டார். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றித் திரும்ப எழுத வேண்டும். ஷம்ரா வேறு வாங்குக்குப் போய்விட்டாள்.

பூச்சியத்துக்கு அழவில்லை. உன் கடிதத்தை வாசிக்கும்போது, "காலுதான் மாறி வந்திருச்சு" என்ற இடத்தில் சேர் மறுபடியும் சிரித்தார். என் தாளில் அதே வரிக்குச் சிரித்ததை விட அதிகமாக. அதற்கும் பொறாமைப்பட்டேன். உன்னைப் போல் மறைக்காமல் எழுதுகிறேன்.

திட்டியாவது எழுது, துஷி.

மேனு


கீழ்ப் பிரிவு
14.07.2024

அன்பின் மேனு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் நான்கு வாரம் இருந்தேன்.

தெரிவுக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. படிவத்தில் நான்தான் அந்த விலாசத்தைப் போட்டேன். கணக்கப்பிள்ளை பெரட்டில் பெயர் கூப்பிட்டார். எல்லோரும் பார்க்க முன்னால் போய் வாங்கினேன்.

"என்னா புள்ள, கோர்ட்டுக் கடுதாசியா?" என்றார் பெரியாயி அக்கா.

"காலேஜ் கடுதாசிக்கா. சனிக்கெழமைல போகணும்."

"அப்ப சனிக்கெழமைல ஒன் நெரைய யாரு பாப்பா?"

கங்காணி காதில் விழாமல் மதுஷா சொன்னாள், "போயிட்டு வா. நாங்க பாத்துக்கிறோம்."

நேற்று இரண்டாவது சனிக்கிழமை வகுப்பு. மூன்றாவது வாங்கில் ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பின்னால் போய் உட்கார்ந்தேன். நீ கடிதத்தைக் கொடுத்தாய். கொடுக்காமலும் இருந்திருக்கலாம். அதை மறக்கமாட்டேன். மற்றதையும் மறக்க முடியவில்லை.

இனிக் குறிப்புகள் அனுப்ப வேண்டாம். நானே எழுதிக்கொள்கிறேன். ஸகீனா அக்காவிடமும் சொல்லிவிட்டேன், எனக்குக் கடிதம் வந்தால் இனி எடுத்து வைக்க வேண்டியதில்லை என்று.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பதினெட்டைப் பற்றி சேரிடம் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது. உன் தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியே கொடுத்தாராம். "எல்லாம் சரி. எழுதியவர் எந்த நிரையில் நின்று இதைப் பார்த்தார் என்பது மட்டும் தெரியவில்லை" என்று.

ஏழாவது நிரையில், மேனு.

துஷாந்தினி