இரண்டு மார்க் ஜரிகையும் ஒரு மஞ்சள் கடுதாசியும்

நவம்பர் 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று ஒடிந்தது. டைப்ரைட்டருக்கு ரிப்பன் வாங்க வேண்டும். கடைவாய்ப் பல் வலி, மூன்றாம் நாள்.

வரதப்பன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமையே கோர்ட்டில் மனு. ஊருக்குத் தெரிந்தது இன்று, கோர்ட் நியமித்த ரிசீவரின் ஆட்கள் வந்து பட்டுக்கடைக்குச் சீல் வைத்தபோது. வாசலில் நெசவாளர்கள். எண்ணினேன், நாற்பத்து மூன்று பேர். கூச்சல் இல்லை.

"தீபாவளிக்கு வேட்டி குடுத்தாரேப்பா."

"ஆமா. அதையே தலைல போட்டுக்கோ, மழைக்கு ஆவும்."

தணிகாசலம் ஒதுங்கி நின்றார். பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பின் தெரு. பதினொரு வருஷமாக வரதப்பனுக்கு நெய்கிறவர். நான் பத்திரிகைக்காரன் என்பதால் என்னிடம், கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் தன் பெயர் வருமா என்று கேட்டார்.

விவரம்: சொந்தமாக ஒரு புடவை நெய்து விற்றுப் பார்க்கலாம் என்று இரண்டு மார்க் ஜரிகை வாங்கி வைத்திருந்தார். ஒரு மார்க், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆவணியில் கடையில் சரக்கு முடை. "இப்ப உன்னுத குடு, கார்த்திகையில அதே எடை புதுசா தரேன், விலை ஏறினாலும் இறங்கினாலும்" என்று வரதப்பன் கேட்டார். கொடுத்தார். எழுத்து இல்லை. நெசவாளனும் முதலாளியும் இதற்கெல்லாம் எழுதிக்கொள்வதில்லை. கட்டின் மேலிருக்கும் லேபிளைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள், அதுதான் அத்தாட்சி. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நனைந்து இரண்டாக மடிந்திருந்தது.

மறுபக்கம்: வரதப்பனிடம் வாங்கிய முன்பணம் இருநூறு ரூபாய் இவர் பேரில் நிற்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் கடைசிப் புடவையை அறுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து தறி காலி.

நவம்பர் 5, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். பல் டாக்டர் ஊரில் இல்லை.

வக்கீல் ராகவன் வீட்டில் இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், அதனால் பீஸ் இல்லை, கிண்டல் உண்டு. மனுவின் நகலைக் காட்டினான். பெங்களூர்க் கச்சாப்பட்டு வியாபாரி ஒருவரின் ஒப்பந்தமும் அதோடு.

பார்த்தவரை எழுதி வைக்கிறேன். மாதாமாதம் இவ்வளவு எடைப் பட்டு, விலை வருஷ ஆரம்பத்திலேயே முடிவு. மாதக் கடைசியில் மார்க்கெட் விலை ஏறியிருந்தால் வித்தியாசத்தைப் பெங்களூரார் தர வேண்டும், இறங்கியிருந்தால் வரதப்பன் தர வேண்டும். ஈடாக வரதப்பனின் ஜரிகை, பெங்களூராரின் உள்ளூர்க் கிடங்கில். கடைசி ஷரத்து: யாராவது ஒருவர் திவாலானால் மிச்சமிருக்கும் பேரங்கள் எல்லாம் அன்றே முடியும், அன்றைய விலைக்கு. வரவு செலவு கழித்து, பாக்கிக்கு ஈட்டை எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டாயிற்று. சனிக்கிழமை காலையிலேயே.

"பெங்களூராருக்கு எவ்வளவு நஷ்டம்?"

"தம்பிடி இல்லை. ஈடு கையில வெச்சிருக்கிறவன் வரிசைல நிக்க வேண்டாம்யா. வெளிய நின்னு எடுத்துக்குவான்."

"வரிசையில் யார்?"

"உன் நாற்பத்து மூணு பேர். கடைசியில ரூபாய்க்கு ஓரணா வந்தா கற்பூரம் ஏத்து."

கூலிக்காரனுக்கு முன்னுரிமை உண்டல்லவா என்றேன். உண்டாம். நாலு மாதக் கூலியில் இருபது ரூபாய் வரை. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், நாற்பத்தெட்டு வருஷமாக அதே இருபது. அதுவும் வீட்டில் தறி போட்டு நெய்கிறவன் கூலிக்காரனா, காண்ட்ராக்டரா என்று ஒரு வழக்கு நடத்திய பிறகு.

தணிகாசலத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் ஒன்றை ஒன்றில் கழித்துக்கொள்ளலாம். அதே சட்டம்தான் சொல்கிறது. ஜரிகையை இன்றைய விலைக்குப் போட்டால் முன்பணம் இருநூறும் அதில் அடங்கும். பெங்களூரார் செய்ததை இவரும் செய்யலாம்.

ராகவன் இரண்டு தடவை சொன்னது: "முன்பணத்தை மட்டும் கட்டிடாதன்னு சொல்லு. கட்டினா கழிக்க ஒண்ணுமிருக்காது. ஜரிகைக்கு வரிசைல போய் நிக்கணும். இன்னொண்ணு, வரதப்பன் பக்கமே போக வேணாம். இனிமே அந்த ஆள் கையெழுத்துக்கு மதிப்பில்லை, எல்லாம் ரிசீவர்தான்."

நவம்பர் 7, வியாழன்

தூறல். லாரி ஆபீஸ் மூன்றிலும் விசாரித்தேன். ஜனவரி முதல் பெங்களூராரிடமிருந்து வரதப்பன் கடைக்கு எத்தனை பட்டு மூட்டை வந்தது? மூன்று பதிவேட்டிலும் ஒன்றுமில்லை. பத்து மாதம், ஒரு நூல்கூட நகரவில்லை. நகர்ந்தது வித்தியாசப் பணம் மட்டும். இதற்குத் தமிழில் சூதாட்டம் என்று பெயர். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ராகவனிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "காயிதத்துல டெலிவரின்னு இருக்குதே. செல்லாதுன்னு யார் கேஸ் போடறது? ரிசீவரா? செலவுக்கு எங்க போவாரு?"

பெங்களூராரின் கிடங்கு. ஏஜென்ட் நாகராஜ், வெற்றிலை போட்டபடி. ஜரிகைக் கட்டுகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. பாதிக் கட்டுகளில் லேபிள் கிழிந்திருந்தது. கேட்டேன்.

"எல்லாம் ஜரிகைதான் சார். யாருதுன்னு பேரா நெய்ஞ்சிருக்குது?"

நெசவாளரிடம் மாற்றாக வாங்கியதை இங்கே ஈடாக வைத்திருக்கிறார் வரதப்பன். கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தேன். இல்லாவிட்டால் வாயில் என்ன வந்திருக்குமோ.

சாயங்காலம் தணிகாசலம் வீடு. ராகவன் சொன்னதை வரி விடாமல் சொன்னேன். முன்பணம் கட்டாதீர்கள். வரதப்பனிடம் போகாதீர்கள். மனைவி ருக்கு காபி கொடுத்தாள்.

"கட்டாம இருந்தா தப்பில்லையா சார்?" என்றார் தணிகாசலம்.

"சட்டப்படி உங்கள் உரிமை."

"முதலாளி நொடிஞ்சு கெடக்கும்போது அவரு பணத்த நாம வெச்சிக்கினு இருக்கறது ஒரு மாதிரி இருக்குது சார்."

"உங்கள் ஜரிகையை அவர் வைத்துக்கொண்டிருக்கிறாரே" என்றாள் ருக்கு, என் பேச்சு மாதிரியே பேசிக் காட்டி. பிறகு அவரிடம் திரும்பி, "சார் சொல்றத கேளுய்யா" என்றாள்.

நவம்பர் 8, வெள்ளி

சென்னைக்கு அனுப்பிய கட்டுரை: லாரிப் பதிவேடு, ஒப்பந்தம், கிழிந்த லேபிள், எல்லாம் சேர்த்து முக்கால் பத்தி. பேப்பரில் வந்தது: "காஞ்சி பட்டு வியாபாரி இன்சால்வென்ஸி மனு." நான்கு வரி. டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். விவகாரம் கோர்ட்டில் இருக்கிறதாம். கோர்ட்டில் இருப்பது மனு. லாரிப் பதிவேடு லாரி ஆபீசில் இருக்கிறது என்றேன். லைன் கட்டானதா, கட் செய்தார்களா தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் இந்த வேலை.

டிரங்க் கால், காபி, இரண்டு நாள் பஸ்: என் கையிலிருந்து. அலுவலகத்தில் தரமாட்டார்கள்.

ரிப்பன் கிடைத்தது. பல் கொஞ்சம் பரவாயில்லை.

நவம்பர் 11, திங்கள்

நல்ல வெயில். தெருவெல்லாம், தறியில் ஏற்றும் பாவு நூலை நீட்டி உலர்த்துகிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போக வேண்டியிருந்தது.

கோவில் பக்கம் ருக்குவைப் பார்த்தேன். இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

கேட்காமலே புரிந்தது. ஆனாலும் கேட்டேன். கம்மலும் சங்கிலியும் அடகுக் கடையில், இருநூறு ரூபாய்க்கு, மாதம் நாலு ரூபாய் வட்டி. இருநூறையும் தணிகாசலம் காலையில் ரிசீவர் ஆபீசில் கட்டிவிட்டார்.

கோபத்தில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, தறியில் ஒன்றுமில்லாமல், உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கட்டினீர்கள்? படித்துப் படித்துச் சொன்னேனே."

"கோதண்டம் கடையில பாவு தரேன்னாங்க சார். பழைய முதலாளி கிட்ட பாக்கியில்லைன்னு சீட்டு கொண்டாந்தாத்தான் தருவாங்க. எந்தக் கடையிலயும் அதான் வழக்கம். தறி காலியாயி மூணு வாரம். சட்டத்த தறில ஏத்தி நெய்ய முடியுமா?"

எனக்குத் தெரியாத வழக்கமா இது? இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பாக்கியில்லாச் சீட்டு இல்லாமல் புது முதலாளி பாவு கொடுக்கமாட்டான். பத்து வருஷம் முன்பு நானே இதைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்த ஞாபகம் வராமல் ஷரத்து ஷரத்தாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெங்களூராருக்குக் காத்திருக்க முடியும். அதனால் அவர் கழித்துக்கொண்டார். இவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க முடியாது. அதனால் உரிமை காகிதத்தோடு போயிற்று. சட்டம் இருவருக்கும் ஒன்றுதானாம்.

ரிசீவர் ஆபீஸ் குமாஸ்தாவிடம் போனேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தந்து ஜரிகையில் கழிக்க முடியாதா? "சொந்த இஷ்டமா கட்டினதுக்கு ரசீது குடுத்தாச்சு சார். ஜரிகைக்குத் தனியா மனு போடச் சொல்லுங்க. லேபிளா? லேபிள்ல கையெழுத்து இருக்குதா?"

நவம்பர் 12, செவ்வாய்

மேகம், மழை இல்லை. தணிகாசலத்தோடு கோதண்டம் கடைக்குப் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. நேற்றைய கோபம்.

கோதண்டம் ரிசீவரின் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது சர்க்கார் காயிதம். வரதப்பன் கையெழுத்து எங்கப்பா?"

அவர் கையெழுத்துக்கு இப்போது மதிப்பில்லை என்று நான் விளக்கினேன். கோதண்டம் பொறுமையாகக் கேட்டார்.

"கோர்ட்டுல இல்ல சார். எனக்கு இருக்குது. நாளைக்கு அந்த ஆளு வந்து, என் நெசவாளிய முன்பணத்தோட இழுத்துக்கினியேன்னு என் வாசல்ல நின்னா? ரிசீவரா வந்து பதில் சொல்வாரு?"

வரதப்பன் வீடு. ஆள் பாதியாக இளைத்திருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார். தணிகாசலம் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னார். வரதப்பன் ரசீதை வாங்கி, இரண்டு தடவை படித்து, மடித்தார்.

"எதுக்குப்பா கட்டினே?"

"பாக்கி இருந்துதே முதலாளி."

"ஏது பாக்கி? உன் ஜரிகை என் கிட்ட வந்துது. என் பணம் உன் கிட்ட இருந்துது. அதுக்கு இது சரியாப் போச்சு. ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பேனே. ஏன் வரல?"

தணிகாசலம் என் பக்கம் திரும்பவில்லை. "வேல இருந்துது முதலாளி" என்றார்.

வரதப்பன் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதினார். தணிகாசலம், பாக்கியில்லை. கையெழுத்து. அரை நிமிஷம் ஆகவில்லை.

ஒரு நிமிஷம் அவர் மேல் கோபப்படப் பார்த்தேன். அடுத்தவன் ஜரிகையை ஈடு வைத்த மனிதர். அந்தக் கோபம் நியாயமானது, இருக்கட்டும். ஆனால் அவரிடம் போகாதே என்று சொன்னது அவர் இல்லை.

மத்தியானம் கோதண்டம் கடையில் பாவு கொடுத்தார்கள். தோளில் வைத்துத் தணிகாசலம் முன்னால் நடந்தார், நான் பின்னால். வீட்டு வாசலில் ருக்கு வாங்கி உள்ளே வைத்தாள்.

அடகு வட்டி மாதம் நாலு ரூபாயை நான் கட்டுகிறேன் என்றேன்.

"வேணாம் சார்" என்றாள்.