சுமங்கலி நகரம்

ஃபிரோசாபாத்

அன்பு மகள் விமலேஷுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் எனக்குத் துணிச்சல் இல்லை. கல்யாணமானதிலிருந்து உன் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்று போட்டே எழுதிப் பழகிய கை, இன்றைக்கும் அதையே எழுதிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை போன பிறகு நம் ஊருக்கு வளையல் இல்லாமல் எந்தக் கையோடு வருவது, ஊர்ப் பெயரே என்னைத் துரத்துகிறது என்று நீ சொன்னதாக உன் அண்ணன் சொன்னான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அலிகரைப் பூட்டு ஊர் என்கிறார்கள், மொராதாபாத்தைப் பித்தளை ஊர் என்கிறார்கள், அந்தப் பெயரால் அழுத பெண் உண்டா? இங்கே கண்ணாடியில் விளக்குச் சிமினியும் அத்தர்க் குப்பியும் ஊதிக்கொண்டிருந்த வரைக்கும் நமக்கும் ஒரு பட்டமும் இல்லை, வளையலுக்கு மாறி, கல்யாண வீடுகளுக்கெல்லாம் பெட்டி போக ஆரம்பித்த பிறகுதான் சுமங்கலி நகரம் ஆனோம். தள்ளுவண்டிக்காரனாக இருந்த நான் அந்தப் பெயரைக் கூவித்தான் கடை வைத்தேன். இப்போது வியாபாரிகள் சங்கம் நெடுஞ்சாலையில் அலங்கார வளைவு கட்டி அதே பெயரைப் பொறிக்கப்போகிறதாம். கூட்டத்தில் எழுந்து, கண்ணாடி நகரம் என்று போடுங்கள் என்றேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "லாலாஜி, வெறும் கண்ணாடியை யாரு வாங்குறா? சுமங்கலிங்கிற பேரைத்தானே வாங்குறாங்க, நீங்க சொல்லிக் குடுத்த பாடமாச்சே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் உன் ஞாபகம் வந்து ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். கண்ணாடி உலைக்காரர் இக்ரார் பாய் என்னை வெளியே கூட்டிவந்து, "லாலா, எழுத்தை மாத்திட்டா புள்ள வந்துடுமா? நீ போய்க் கூட்டிட்டு வா" என்றார். வளைவில் அந்தப் பெயர்தான் வரப்போகிறது.

உன் அம்மா செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் வளையல்களை முழங்கைவரை ஏற்றி முந்தானையால் சுற்றிக்கொள்வாள், சத்தம் கேட்டால் உனக்கு வலிக்குமாம். நீயோ போன திங்கட்கிழமை, "அம்மா, உன் வளையல் சத்தமே காணோமே, அப்பா இருக்காரா? எங்கிட்ட மறைக்கிறியா?" என்று கேட்டாயாம். அவளுக்கு அழுகைதான் வந்ததாம், அதையே நீ பதிலாக எடுத்துக்கொண்டாய். கடையிலிருந்து ஓடிவந்து போனை வாங்கி நான் பேசினேன், என் குரலைக் கேட்டதும் நீ கதறினாய். வளையல் விற்ற வீட்டில் பிறந்ததற்கு இதுவும் ஒரு தண்டனையா அம்மா?

பேச்சு போதும். புதன்கிழமை இருவரும் ரயில் ஏறுகிறோம். உன் அம்மா கை நிறைய வளையலோடுதான் வருவாள், பொறுத்துக்கொள். கடையை உன் அண்ணன் பார்த்துக்கொள்வான். நீ வந்தால் கூட்டி வருகிறோம், வரமாட்டேன் என்றால் அங்கேயே உன்னோடு இருந்துவிடுகிறோம், திரும்பிப் போகச் சொல்லாதே. நாங்கள் வரும்வரை உன் கொழுந்தன் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ஒருவேளையாவது சாப்பிடு. நீண்ட ஆயுளோடு இரு, அதற்குமேல் என்ன சொல்லி ஆசீர்வதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உயிரோடிருக்கும் உன் அப்பா,
நேமிசந்த்