நீலக் கடதாசியின் மேல்விளிம்பு

786

மருதமுனை,
12.9.1957

என் அன்புக்கும் துஆவுக்கும் உரிய மச்சான் அப்துல் ஸமடுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் கமீலாவும் பிள்ளைகளும் சுகம். தறியும் சுகம், அது என்னைவிட நல்லாய்ச் சத்தம் போடுகிறது. லண்டனில் குளிர் தொடங்கியிருக்கும். காதைப் பொத்திக்கொண்டு திரி.

உன்ட உம்மாவும் சுகமாக இருக்கிறா. அதை முதலிலேயே எழுதிவிட்டேன். மிச்சத்தை வாசிக்கும்போது உனக்கு வேறு மாதிரித் தோன்றலாம். இந்தக் கடிதத்தை ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் இருந்து வாசி.

எங்களோடு எட்டாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்த நற்பிட்டிமுனை வேலப்போடி பெரிய இக்கட்டில் நிற்கிறான். உன்ட உம்மாவின் தம்பி கலந்தர் மாமாவின் மகள் சுல்பிகாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடித்ததை உன் தங்கச்சி நஸீறா எழுதியிருப்பாள். நாள் குறித்து, வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. ஓகஸ்ட் கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் இருக்கிறது, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று. அடியில், உங்கள் நன்மையை நாடும் நற்பிட்டிமுனையான் என்று இருந்தது. தலையில் பிள்ளையார் சுழி. சாய்ந்தமருதார் அதைக் கொண்டுவந்து கலந்தர் மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார்கள். சுல்பிகாவுக்கு வலிப்பாம்! சொன்னவன் வாயில் ஈயம் ஊற்ற வேண்டும்.

கலந்தர் மாமா வேலப்போடியைத்தான் பிடித்தார். போன போகத்தில் வாய்க்கால் தண்ணீர் ஆருக்கு முதலில் என்று தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானைக்கு முன்னால் இரண்டு பேரும் கத்தினது உண்மை. தண்ணீருக்குச் சண்டை பிடிக்காத வேளாண்மைக்காரன் எங்கே இருக்கிறான்? அதற்காக ஒரு பெண்பிள்ளையின் வாழ்வில் மண் அள்ளிப் போடுவானா? மாமா கேட்கவில்லை. வேலப்போடியின் அப்பா காலம் முதல் அவர்கள் செய்துவந்த தன்ட மூன்று ஏக்கர் வயலை, வாற பெரும்போகத்துக்கு வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் காணி போனால் அவனுக்கு வேறு கதியில்லை. கல்முனைச் சந்தையில் எங்கட ஆட்கள் அவனைக் கண்டு கதைக்காமல் விலகுகிறார்கள். ஒருநாள் என்ட தறிக்குப் பக்கத்தில் வந்து நின்று, மீராசா, நீயும் நம்புறியா எண்டு கேட்டான்.

அப்போதுதான் உன்ட டெலிவிசன் துப்பறிகிறவன் ஞாபகத்துக்கு வந்தான். இந்த வருசம் முழுக்க நீ அந்த நாடகத்து ஆளைப் பற்றித்தானே எழுதுகிறாய். தேத்தண்ணிக் கடையில் சொன்னால், ஆள் தெரியிற றேடியோவா, ஸமடுக்கு லண்டனில் பேய் பிடிச்சிட்டு எண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கலந்தர் மாமாவிடம் போய், கடிதத்தைக் கொஞ்ச நாளைக்குத் தாங்க, எழுதின ஆளைப் பிடிச்சுத் தாறன் என்றேன். தறியடிக்கிறவனுக்கு என்னத்துக்குப் பொலிஸ் வேலை எண்டு ஏசிவிட்டுத்தான் தந்தார்.

முதலில் கையெழுத்துப் பார்க்க நினைத்தேன். உன்ட ஆள் சந்தேகமானவர்களைத் தந்திரமாக எழுதவைப்பான் என்றாயே. நானும் கடற்கரை றோட்டுக்கு மதகு கேட்டு ஒரு மகஜர் எழுதிக்கொண்டு, கையெழுத்துக் கேட்டு வீடு வீடாகப் போனேன். நாற்பத்து நான்கு பேர் ஆதரவு தந்தார்கள், அதில் முப்பத்தொரு பேர் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டார்கள்! கமீலா விழுந்து விழுந்து சிரித்தாள். மதகு வந்தாலும் வரும், எழுதின ஆள் வரமாட்டான் என்றாள்.

பிறகு கடிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பென்சிலால் எழுதியது. சுழி போட்ட இடத்தில் கடதாசி கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, பகல் முழுக்க நூல் தடவுகிற விரலுக்குத்தான் தெரிந்தது. அழிறப்பர் பட்ட இடம். அழித்த எழுத்தின் அழுத்தம் கடதாசியில் கிடக்கும், பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தால் வெளியே வரும் என்று மே மாதம் நீ எழுதினாய். தேய்த்தேன். கறுப்புக்குள் வெள்ளையாக ஏழு, எட்டு, ஆறு என்று எழும்பி வந்தது.

பார் மச்சான். பொய் எழுத உட்கார்ந்த ஆளும், கை போன போக்கில், பிஸ்மில்லாவின் எண்ணைப் போட்டுத்தான் தொடங்கியிருக்கிறது. மறுகாதான் புத்தி வந்து, அதை அழித்துவிட்டுச் சுழியைப் போட்டிருக்கிறது. வேலப்போடியிடம் காட்டினேன். அவன் சுழியைப் பார்த்து, இவ்வளவு நாளைக்குப் பிறகு முதல்தரம் சிரித்தான். நாங்க கெட்ட சேதிக்குச் சுழி போடுறதில்ல, அது தெரியாத ஆரோ எழுதியிருக்கு என்றான்.

உடனே கலந்தர் மாமாவிடம் ஓடினேன். அவர் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, இதையும் அவனே எழுதி அழிச்சிருக்க ஏலாதா, ஆளைக் காட்டு, காட்டினா அவன்ட காணி அவனுக்குத்தான், நானே போய் அவனிட்ட மன்னிப்பும் கேக்கன் என்றார். விதைப்புத் தொடங்கும்வரை காணியை ஒருவருக்கும் கொடுக்காமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஓம் என்றார்.

அதற்குப் பிறகுதான் கடதாசியைக் கவனித்தேன். அதை முதலே செய்யாததற்கு என்னை நானே ஏசினேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய நீலக் கடதாசி. கல்முனைக் கடைகளில் அது கிடையாது. கடல் கடந்து வருகிற, மடித்து ஒட்டுகிற தபால் கடிதத்தின் துண்டு அது. எங்கட ஊரில் இரண்டு வீட்டுக்குத்தான் அந்த நீலம் வருகிறது, ஸமட். ஒன்று என்ட வீடு.

திங்கட்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மற்ற வீட்டுக்குப் போனேன். ஒரு டெலிவிசன் கதை மறந்துபோச்சு, ஸமட் எழுதின கடிதங்களைப் பார்க்கலாமா மாமி எண்டு உன்ட உம்மாவிடம் கேட்டேன். பொய்தான், அல்லாஹ் மன்னிக்கட்டும். உம்மா சந்தோசமாகத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனா. நஸீறா பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடிக்குப் போய் நின்றாள். ஜூன் மாதக் கடிதத்தின் அடிப்பாதி கத்தரியால் வெட்டப்பட்டுக் கிடந்தது. நீ கையெழுத்துக்குக் கீழே வழக்கமாக இழுக்கிற இரண்டு கோட்டில் இரண்டாவதன் நடுவால் கத்தரி போயிருக்கிறது. மடியில் இருந்த மொட்டைக் கடிதத்தை எடுத்து, அதன் மேல்விளிம்பைப் பாயில் வைத்துச் சேர்த்தேன். கோடு முழுசாகிவிட்டது.

நஸீறா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினன் காக்கா என்றாள். உம்மா தேத்தண்ணியோடு வந்து பார்த்தா. மறைக்கவில்லை. சுல்பிகா பிறந்த அண்டே என்ட மகனுக்கெண்டு வச்ச புள்ள, தம்பிக்கு இன்னும் ரெண்டு வருசம் பொறுக்க ஏலாமப் போச்சே, மகன் வந்து கேட்டா நான் என்னத்தச் செல்ற என்று கேட்டா. நற்பிட்டிமுனை என்று எழுதியது எங்கட ஊர் தெரியாமல் இருக்க மட்டும்தானாம், வேலப்போடியை நினைக்கவே இல்லையாம். நான் அதை நம்புகிறேன். அவனுக்குக் காணி போகிறது என்றதும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு குந்திவிட்டா. ஆனாலும் தம்பியிடம் போய்ச் சொல்ல மாட்டாவாம். சொன்னால் கலந்தர் மாமா அந்த வாசலை மிதிக்க மாட்டார், உனக்குப் பெண்ணும் தர மாட்டார். மகன் வந்து சுல்பிகாவைக் கைப்பிடிக்கட்டும், மறுகா எல்லாம் சரி வரும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

வேலப்போடியிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவன் வரப்பில் குந்திப் புல்லைப் பிடுங்கினான். அந்த மனிசி கையால எத்தினை நோன்புக் கஞ்சி குடிச்சிருப்பம், விடு மீராசா, ஆருக்கும் சொல்லாத என்றான். எனக்கு அவன்மேல் சரியான கோபம் வந்தது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடு என்கிறானே! அவனை ஏசிவிட்டு வந்து தறியில் இருந்து அழுதேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்று உங்கட வீட்டுத் தகரத்தில் இருந்த கடிதம் முழுவதையும் நான் வரிசையாக வாசித்தேன், பிறகு என்னிடம் உள்ளதையும். ஒரு ஆள் சொன்னதை மட்டும் கேட்காதே, எதைச் சொல்லாமல் விட்டான் என்றும் பார் என்பானாம் உன்ட துப்பறிகிறவன். நீ இருக்கிற வீட்டுக்காரியின் மகள் முதல் கடிதங்களில் அடிக்கடி வருகிறாள். குடை இரவல் தந்தாள், சோறு வடிக்கப் பழகினாள், உன்ட இங்கிலீசைக் கேட்டுச் சிரித்தாள். இந்த வருசம் ஜனவரிக்குப் பிறகு ஒரு கடிதத்திலும் அவள் இல்லை. ஜனவரியிலிருந்துதான் டெலிவிசன் வருகிறது. வீட்டுக்காரி எட்டு மணிக்கே படுத்துவிடுவா என்று நீதான் எழுதினாய். ஒன்பது மணி நாடகத்தை நாங்கள் பார்த்தோம் என்றும் நீதான் எழுதுகிறாய். நாங்கள் என்றால் ஆர் மச்சான்?

நான் சொல்வது பிழை என்றால் வந்து கன்னத்தில் அடி, வாங்கிக்கொள்கிறேன். சரி என்றால், நான் உன்னை ஏசவில்லை. நீ உம்மாவின் கண்ணீருக்குப் பயந்து மறைக்கிறாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நீ வராத ஒரு கல்யாணத்துக்காக உம்மா தன் கூடப்பிறந்தவனின் பிள்ளைக்கு இல்லாத வருத்தத்தைக் கட்டிவிட்டா. நீ வாய் திறக்கும்வரை அவ தம்பியின் வீட்டுக்குப் போகப் போவதில்லை. அவ பெயர் என் வாயாலும் வராது, அந்த வீட்டில் தின்ற சோறு விடாது. இப்போது ஊருக்குள் நான் தோற்றுப்போன துப்பறிகிறவன். அது பரவாயில்லை. வேலப்போடி ஏரை விற்றுவிட்டு எங்கே போவான்?

உம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுது. சுல்பிகாவை நீ கட்டப்போவதில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுது, சுற்றி வளைக்காதே. கலந்தர் மாமாவிடம் உம்மாவே போய் உண்மையைச் சொல்லும்படி கேள். உன் கடிதம் இங்கே வர ஒரு கிழமைக்கு மேல் ஆகும், ஒக்டோபர் பிறந்தால் விதைப்பு. நான் ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத்தான் கேட்கிறேன். நீ எங்கே இருந்தாலும், ஆரோடு இருந்தாலும், அல்லாஹ் உன்னை எங்களிடமிருந்து தூரமாக்காமல் வைக்கட்டும்.

உன் பாசத்தில் ஒரு குறையும் வைக்காத,
மீராசா

எழுத மறந்தது: உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உன்ட கடிதத்தை நஸீறாதான் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அவள் இடையில் நிறுத்தாமல் வாசித்து முடிக்கக்கூடிய மாதிரி எழுது, மச்சான்.