எட்டால் பெருக்கிய உப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் அருந்தவப் புதல்வன் எழுதுவது. நான் சௌக்கியம். கடையில் சாமான் அடுக்கி அடுக்கி நானும் ஒரு டப்பா போல ஆகிவிட்டேன், அவ்வளவுதான்.

அப்பாவின் கால்வீக்கம் வடிந்ததா? மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று உன் கடிதத்தில் படித்ததும் நான் அனுப்பிய பிஸ்கட் ஞாபகம்தான் வந்தது. அவருடைய ரத்த அழுத்தத்தை நினைத்து, லேபிளில் உப்பு குறைவாக இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். சந்தேகம் தீராமல், பில் போடும் அக்காவிடம் ஒரு பாக்கெட்டைக் காட்டினேன்.

"அளவைப் பார்த்தியே, அது எத்தனை பிஸ்கட்டுக்குன்னு பார்த்தியா, மேதாவி?"

"மொத்த பாக்கெட்டுக்கும்தானேக்கா?"

"ரெண்டே ரெண்டுக்குடா. உள்ள பதினாறு இருக்கு. எட்டால பெருக்கு."

கணக்குப் பரீட்சையில்கூட நான் அப்படி வியர்த்ததில்லை. பையன் அனுப்பியது என்று அப்பா தினமும் ஒரு பாக்கெட்டை முடிப்பதாக நீதானே பெருமையாக எழுதியிருந்தாய்.

சின்ன வயதில் நான் அவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டது விளையாட்டு. இது விளையாட்டு இல்லை என்று அவரிடம் சொல்லம்மா.

மீதி பாக்கெட்டுகளைக் கொடுக்காதே. இனி எதை வாங்கினாலும், லேபிளில் உள்ள உப்பு அளவு எவ்வளவு தின்பண்டத்துக்கு என்ற வரியை முதலில் பார். புரியாவிட்டால் லேபிளை வெட்டித் தபாலில் அனுப்பு, நான் பெருக்கிச் சொல்கிறேன். பின்புறம் வெறுமையாக இருந்தால் அப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். திட்டாக இருந்தாலும் சரி, அவர் கையெழுத்தாக இருக்கட்டும்.

சரக்கு வண்டி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்