செருப்பு கிடக்கட்டும்

போன கிழமை குளிர் தொடங்கியதும் பழைய கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டேன். நீ போன பிறகு அதைத் தொட்டதே இல்லை. லண்டன் ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வாசலில் பயணக் கார்டைத் தேடிப் பொக்கற்றுக்குள் கைவிட்டபோது மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒன்று விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. பெற்றோல் அடிக்கிறவர்கள் கையில் மணம் பிடிக்காமலிருக்கப் பம்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்களே, அது. பெற்றோல் நின்று மணக்காது, காற்றோடு போய்விடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். இதில் மணம் போகவில்லை. யாரோ இப்போதுதான் கையை உருவியெடுத்ததுபோல ஐந்து விரல்களும் காற்று நிறைந்து நிமிர்ந்திருந்தன. நான் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள்.

நீ விட்டுவிட்டுப் போனது. எதையும் திரும்ப வந்து எடுக்கிற பழக்கம் உனக்கு இல்லை. பஸ்ஸில் குடை, என் வீட்டுக் குளியலறையில் ஒற்றைத் தோடு, கடைக் கவுண்டரில் புதுக் கழுத்துத்துணி. "வாடி, போய் எடுத்துக்கொண்டு வருவம், ரெண்டு நிமிசம்தான்" என்று நான் கையைப் பிடித்து இழுத்தால், "கிடக்கட்டும்" என்பாய். அதை அலட்சியம் என்று எத்தனை வருடம் நினைத்திருந்தேன்!

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் உன்னை முதலில் கண்டேன். எனக்கும் உனக்கும் பதினைந்து வயது. நீ வன்னியிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தாயும் அண்ணாவும் போரில் அங்கேயே போய்விட்டார்கள், மாமாவுடன் இருக்கிறாய் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இங்கேயே வளர்ந்த நான் எழுந்து நின்று ஒரு பத்தி வாசித்து முடித்ததும் நீ என் காதருகே குனிந்து, "நீ தமிழ் கதைக்கேக்க ஆரோ உன்னைக் கட்டிப்போட்டு அடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து நான் உன்னிடம்தான் பேசிப் பழகினேன்.

பிறகு நீ அப்டன் பார்க்கில் மாமாவின் பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் நின்றாய். நான் செய்திப் படங்களுக்கு எழுத்துப் போடும் சின்னக் கொம்பனி ஒன்றில் சேர்ந்தேன். காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடும் வரிகள். பேச்சை மட்டுமல்ல, சத்தங்களையும் எழுத வேண்டும். வெடிச் சத்தம். நாய் குரைக்கிறது. பெண் அழுகிறாள். எனக்கு லீவு கிடைத்த நாட்களில் உன் கவுண்டருக்குப் பின்னால் பால் கூடையைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். மேலே சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடும்.

வெளியே உயரக் கம்பத்தில் விலைப் பலகை. விலையை மாற்று என்று தலைமையிலிருந்து செய்தி வந்ததும் நீ ஒரு பொத்தானை அழுத்துவாய். எண்கள் எல்லாம் ஒருகணம் எட்டு எட்டு எட்டு என்று மின்னிவிட்டு மாறும். சட்டென்று ஏறினால் நீ நிமிர்ந்து தொலைக்காட்சியைப் பார்ப்பாய். "எங்கையோ துடங்கப்போறாங்கள்" என்பாய். திரையில் அப்போது சமையல் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும். பின்னேரத்துக்குள் உண்மையாகவே எங்கேயோ புகை எழும்பும். இரண்டு தடவை அப்படி நடந்த பிறகு நீ பொத்தானை அழுத்தும்போது நான் புத்தகத்தை மூடிவிடத் தொடங்கினேன்.

ஒரு பாலைவன நாட்டில் சண்டை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாட்கள். ஒரு முன்னாள் அமைச்சர் திரையில் வந்தபடியே இருந்தார். நரைத்த தலை, மிருதுவான குரல்.

"ஆரடி இந்தாள்? காலம எழும்பினால் இவர்தான். வீட்டில ஆக்கள் இல்லையோ?"

"முந்தி மந்திரி. இப்ப உங்கட கூரையில பேர் கிடக்குதே, அந்த எண்ணெய்க் கொம்பனிக்கு ஆலோசகர். எம்.பி.மார் தங்கட வரும்படியைப் பதியிற இடத்தில தானே எழுதிக் குடுத்திருக்கிறார். ஆரும் வாசிக்கலாம்."

"ரீவில பேருக்குக் கீழ 'முன்னாள் அமைச்சர்' எண்டு மட்டும்தானே போடுறாங்கள்?"

"ஓம்."

"அப்ப என்ர முதலாளிக்கு முதலாளி" என்றாய். "ஒருநாளாவது வந்து ஒரு பிஸ்கட் பக்கெற் வாங்கினவரோ?"

அடுத்த வாரம் ஒரு காலை அந்தப் படம் என் மேசைக்கு வந்தது. பாலைவனத்தில் எண்ணெய்த் தாங்கிகள் எரிகின்றன. கறுப்புப் புகை, பக்கத்தில் மனிதர் எவரும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். "செருப்பு கிடக்கட்டும், நீ வா! வா!"

நான் நிறுத்தி மறுபடி கேட்டேன். தமிழ். எங்கள் தமிழ். அவள் குரலுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. எரிகிற எண்ணெய்க் கிடங்கில் சேவல்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிராமலே, "அங்கே உங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்தானே? பன்னிரண்டு நிமிடத்தில் படம் போக வேண்டும்" என்றார். படத்தோடு வரும் குறிப்பில் இல்லாத மொழி கேட்டால் 'அந்நிய மொழி' என்று போட வேண்டும் என்பது எங்கள் விதி. நான் திரும்பி வந்து எழுதினேன்: பெண்ணொருத்தி அந்நிய மொழியில் கதறுகிறாள். சேவலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

எனக்குக் கேட்டது. விளங்கியது. ஆனாலும் அப்படித்தான் எழுதினேன். இந்தக் கடிதத்தில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லவேண்டும்.

அன்று அரை நாள் வேலை. மத்தியானம் உன்னிடம் வந்தபோது நீ கவுண்டருக்குள் இல்லை. தரையில் சிந்தியதைத் துடைத்த கையுறையோடு தொலைக்காட்சிக்கு நேர்கீழே நின்றாய். ஒருநாளும் இல்லாதபடி சத்தம் கூட்டியிருந்தது. ஒரு வேன்காரர் பெற்றோல் காசைக் கையில் வைத்துக்கொண்டு, "நாலாம் பம்ப், நாலாம் பம்ப்" என்று சொல்லிக் களைத்துப்போய் நின்றார். அந்தப் படம் கால் மணிக்கு ஒருதரம் ஓடியது. திரையில் புகை, குரல், அடியில் என் வரி.

"அது அம்மா" என்றாய்.

நான் உன்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன்.

"என்னைத்தான் கூப்பிடுறா."

பிறகுதான் சொன்னாய், அவ்வளவு வருடமும் சொல்லாததை. போரின் கடைசி மாதங்களில் ஒரு காலை. வீட்டு வாசலில் கழற்றிவிட்ட செருப்பை எடுக்க நீ திரும்பி ஓடினாய். அண்ணா கமெராவில் புகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அம்மா கத்தினா. நீ செருப்பில்லாமல் வந்து பதுங்குகுழிக்குள் குதித்தாய். அண்ணா எடுத்ததெல்லாம் யார் யாரோ கைமாறி வெளிநாடுகளுக்குப் போனது. அடுத்த கிழமை அம்மா இல்லை. அதன் பிறகு அண்ணாவும் இல்லை. அம்மாவின் ஒரு படம்கூட உன்னிடம் இல்லை.

"ஏனடி கீழ அந்நிய மொழி எண்டு போட்டிருக்கு? எழுதினவளுக்குக் காது கேக்காதோ?"

"அவைக்குத் தெரியாதுதானே" என்றேன்.

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு கையுறையை உருவி, குப்பைத் தொட்டி தூரத்தில் இருந்ததால், வழக்கம்போல என் கோட்டுப் பொக்கற்றுக்குள் திணித்துவிட்டு நாலாம் பம்புக்காரரிடம் போனாய்.

மறுநாள் பாராளுமன்றத்தில் அந்த முன்னாள் அமைச்சர் எழுந்தார். "அந்தத் தாயின் குரலைக் கேட்ட பிறகும் நாம் கைகட்டி இருப்பதா?" என்று கேட்டார். சபை அமைதியாக இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு முன்னால், நடு ரோட்டில், பதின்மூன்று வயதில் என் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. சுற்றிலும் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி ஆயிரம் தொண்டைகள் கத்திக்கொண்டிருந்தன. உன் அம்மா அங்கே கத்திய அதே நாட்கள்.

நீ பிஸ்கட் அடுக்கிக்கொண்டே சொன்னாய்: "அவ உயிரோட கத்தேக்க ஒருத்தருக்கும் கேக்கேல்ல. இப்ப அந்தக் குரலை வைச்சு வேற தாய்மாருக்கு மேல குண்டு போடப்போறாங்கள்." வெளியே கம்பத்தில் எட்டு எட்டு எட்டு மின்னியது. இருவரும் பார்த்தோம். நீ பொத்தானைத் தொடவில்லை என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

"உன்ர வேலையிடத்தில கேட்டுப் பாரன்" என்றாய். "சத்தம் முழுசாக் கிடந்தால் எனக்கு எடுத்துத் தா. பேப்பருக்குக் குடுக்க மாட்டன். எனக்குக் கேக்க மட்டும்தான்."

அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தால் வரியை எழுதியவள் என்று என் பெயர்தான் முதலில் வரும். அதை வெளியே கொண்டுபோனால் வேலை போகும். இரண்டில் எதற்குக் கூடுதலாகப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் கழித்து, "கேட்டனான், இல்லையாம்" என்றேன். நீ "சரி" என்றாய். பிறகு நீயே தொலைக்காட்சிக்காரருக்குக் கடிதம் போட்டாய். பதில் ஒரு பந்தியில் வந்தது: அது சேமிப்பிலிருந்து எடுத்த போர்ச்சூழல் ஒலி, குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதல்ல. நீ அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாய். "குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதல்ல. கேட்டியோ? நான் ஆருமில்லையாம்" என்று சிரித்தாய்.

போர் நடந்தது. அதற்குள் நீ மெலிந்துவிட்டாய். வயிற்றுக் குத்து என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்ட் நின்றவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டொக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டாம் நாள் நான் வந்ததும் நீ சொன்னாய், "அம்மா நேற்றும் கூப்பிட்டவ." உன் வார்டில் தொலைக்காட்சி இல்லை. "மருந்து அப்பிடித்தான் செய்யும்" என்றேன். "இல்லையடி. மருந்துக்கு என்ர செருப்பைப் பற்றி என்ன தெரியும்?"

அன்றுதான் நான் கோப்பைத் திறந்தேன். ஒலி வாங்கிய களஞ்சியத்தின் பட்டியலும் அதோடு இருந்தது. யாரும் எதற்கும் எடுத்துப் பாவிக்கலாம் என்று அடுக்கிவைத்த சத்தங்கள். 'கிராமம், பெண், பீதி' என்று ஒன்று. உன் அம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர். அதற்கு அடுத்தது 'கிராமம், சிறுமி'. அதையும் திறந்தேன். அதே சேவல். பிறகு ஓடிவரும் மூச்சு, மிகக் கிட்டத்தில். "இந்தா வாறன் அம்மா!"

உன் குரல். பதின்மூன்று வயதில். ஹெட்போனைக் கழற்றிவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோரும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டு வந்து உன் காதில் வைத்தேன். பின்னேர வெயில் உன் போர்வையில் விழுந்திருந்தது. அம்மாவின் குரலுக்கு நீ கண்ணை மூடினாய். உன் குரலுக்குக் கண்ணைத் திறந்தாய். "நானே?" என்றாய். "ஓம்" என்றேன். போனைப் போர்வையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்த வரி எழுதினது நான்தான். தெரிஞ்சுதான் எழுதினனான். இல்லையாம் எண்டு சொன்னதும் பொய்."

"தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்கு நான் ரீவியையே பாத்தனான்? உன்ர முகத்தைத்தான் பாத்தனான்."

"பிறகேன் கேக்கேல்ல?"

"கேட்டிருந்தால் நீ பிறகு வந்திருக்க மாட்டாய்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அடுத்த முறை சரியா எழுது" என்றாய்.

"அடுத்த முறையோ?"

"திருப்பிப் போடுவாங்களடி. எண்ணெய் முடியுமட்டும் போடுவாங்கள்."

நான்கு நாளில் நீ போய்விட்டாய். கட்டிலுக்குக் கீழே உன் ரப்பர்ச் செருப்பு சோடியாக இருந்தது. மாமா அதை எடுக்கக் குனிந்தபோது நான் என்னையும் அறியாமல் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

நீ சொன்னது நடந்தது. முந்தாநாள் பகல் பதினொரு மணிக்கு ஒரு படம் வந்தது. வேறு நாடு, கடற்கரையில் எண்ணெய்க் குழாய்கள், அதே கறுப்புப் புகை. அந்த முன்னாள் அமைச்சர் இப்போது அந்த எண்ணெய்க் கொம்பனியின் இயக்குநர்; முதல் ஆளாக வந்து பேசினார். புகைக்குள்ளிருந்து உன் அம்மா கூப்பிட்டா. இந்த முறை அவர்கள் இரண்டாவதையும் சேர்த்திருந்தார்கள். நீ போய் இத்தனை காலத்துக்குப் பிறகு, என் காதுக்குள், மூச்சுவாங்க, "இந்தா வாறன் அம்மா" என்றாய். பொக்கற்றுக்குள் கையுறையைப் பற்றிக்கொண்டேன்.

பிறகு எழுதினேன்.

தாய், தமிழில்: செருப்பு கிடக்கட்டும், நீ வா.

சேவல் கூவுகிறது.

மகள், தமிழில்: இந்தா வாறன் அம்மா.

திருத்தும் மேசையில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். நான்கு தடவை அப்படியே ஓடியது. சத்தத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் புகையைத்தான் பார்த்தார்கள். காது கேளாதவர்களுக்கு மட்டும் அன்று உன் அம்மா கேட்டிருப்பா. அவர்களில் ஒருவர் தொலைக்காட்சிக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: அந்த ஊரில் தமிழ் எப்படி வந்தது?

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அது அங்கே பேசும் மொழி இல்லையே?"

"இல்லை. அது அங்கே எடுத்த சத்தமும் இல்லை" என்றேன். "யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன்."

எழுதிக் கொடுத்தேன். உன் பெயர், அம்மாவின் பெயர், அண்ணாவின் பெயர், செருப்பு, சேவல், முதல் தடவை நான் எழுதிய பொய் எல்லாம். நாளைக்குக் கொம்பனிப் பெரியவர்கள் முன் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் அனுமதி அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அது அங்கேயே இருக்கிறது.

நாளைக்கு இந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவேன். கையுறை பொக்கற்றில் இருக்கிறது. இரண்டு குரலும் போனில் இருக்கின்றன. அவர்கள் என்னை வெளியே அனுப்பினால், அந்த அட்டையை எடுக்க நான் திரும்பிப் போகப்போவதில்லை.

கிடக்கட்டும்.